செய்மதித் தொடர்பும் படைத்துறைச் செலவும்

கம்பி செல்லாத இடத்துக்கும் சொல் செல்லவேண்டும் என்பது படைகளின் பழைய தேவையாகும். நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்கும், பாலைநிலத்தில் நகரும் அணிக்கும், வானிற் பறக்கும் விமானத்துக்கும் தலைமையகத்தின் கட்டளையைக் கொண்டுசேர்ப்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சிற்றலை வானொலியே பெருந்துணையாய் இருந்தது. அச்சிற்றலையோ மேல்வளியிலுள்ள அயனமண்டலத்திற் பட்டுத் தெறித்தே தொலைவிடங்களை அடைவது; ஞாயிற்றின் கொந்தளிப்பினால் அம்மண்டலம் குலையுந்தோறும் செய்தியும் குலைவதாயிற்று. இக்குறையை நீக்கும் வழியொன்றை 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில், பிரித்தானிய வான்படையில் இராடர்ப் பணியிலிருந்த ஆதர் சி. கிளார்க் என்பார் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னுஞ் சஞ்சிகையில் எடுத்துரைத்தார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் பொருள் பூமியோடு ஒத்துச் சுழலுமாதலின், கீழிருந்து நோக்குவார்க்கு ஓரிடத்திலேயே நிற்பதுபோலத் தோன்றும். அவ்வாறான மூன்று நிலையங்கள் இருப்பின் உலகம் முழுவதையும் அளாவலாம் என்பது அவர் கருத்து. பின்னர் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் இறக்குமளவும் அந்நாட்டிலே வாழ்ந்தவர் இவரே.

அக்கருத்துச் செயலுருப் பெறத் தொடங்கியபொழுது முதன்முதலிற் பணங்கொடுத்தோர் படைத்துறையினராவர். 1958 டிசம்பர் 18ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா ஏவிய 'ஸ்கோர்' என்னுஞ் செய்மதி, சனாதிபதி ஐசனோவரின் நத்தார் வாழ்த்தினை நாடாவிலிருந்து உலகுக்கு ஒலித்தது. இரண்டு வாரத்துக்குள் அதன் மின்கலங்கள் ஓய்ந்தன. அன்று தொட்டு இன்றுவரை அந்நாட்டின் பாதுகாப்புத் துறை இத்தொழினுட்பத்துக்காக ஒருபுறம் பெருஞ்செலவு செய்தும், மறுபுறம் அச்செலவைக் குறைத்தற்கான ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்கியும் வந்துள்ளது. ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் எங்கே விலையைக் குறைத்தது, எங்கே குறைக்கத் தவறியது என்பது ஆராயற்பாலது.

படைத்துறைச் செய்மதி விலையேறுதற்குரிய காரணங்களுள் முதலாவது தூரம். செலுத்தியிலிருந்து புறப்படும் வானொலிச் சக்தி தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக மெலிவது. 1,000 கிலோமீற்றர் உயரத்திற் செல்லுஞ் செய்மதியோடு ஒப்பிடும்பொழுது, 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதற்கு, அதே அன்ரனாக்களைக் கொண்டு அதே வன்மையிற் குறிப்பை அனுப்ப ஏறக்குறைய 1,300 மடங்கு வலு வேண்டும். இரண்டாவது பகைவரின் இடையூறு. பகைவன் அதே மீடிறனிற் பேரிரைச்சலை எழுப்புவானாயின் செய்தி அதனுள் அமிழ்ந்துவிடும். இதற்கு மாற்று, செய்தியை ஒரு மீடிறனில் நிறுத்தாது, அனுப்புவோனும் பெறுவோனும் மாத்திரம் அறிந்த ஓர் ஒழுங்கிற் கணந்தோறும் மீடிறனை மாற்றிச் செல்லுதலாம். அப்பொழுது பகைவன் தன் வலுவை எல்லா மீடிறன்களிலும் பரப்பி மெலிகின்றான். இதனைச் செய்யுங் கருவியும் செய்மதியினுள்ளேயே இருத்தல் வேண்டும். மூன்றாவது, அணுகுண்டு வெடித்த பின்னரும் இயங்கவேண்டும் என்னும் நிபந்தனை.

இவை மூன்றும் சேர்ந்தும் விலை முழுவதையும் விளக்கமாட்டா. வானிற் சென்ற செய்மதியைப் பழுதுபார்த்தல் அரிது. ஆகவே பல்லாண்டு பழுதுறாதவாறு ஒவ்வோர் உறுப்பையும் சோதித்துச் சோதித்து அமைக்கின்றனர். அதனால் விலை ஏறுகின்றது. விலை ஏறவே எண்ணிக்கை குறைகின்றது. எண்ணிக்கை குறையவே, தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய மூன்றின் விருப்பங்களும் ஒவ்வொரு செய்மதியின்மேலும் ஒருங்கே சுமத்தப்படுகின்றன. சுமை மிகவே விலை மீளவும் ஏறுகின்றது. வண்டி ஒன்றேயுள்ள ஊரில் எல்லார் மூட்டையும் அதன்மேலேயே ஏறுவது போன்றது இது. ஆதலின் விலைகுறைக்கும் ஆராய்ச்சி இருவகைப்படும். உறுப்பை மலிவாகச் செய்யும் வழியைத் தேடுவது ஒன்று. எதனை விட்டுக்கொடுத்தாலுங் காரியம் நடைபெறும் என்று கண்டறிவது மற்றொன்று. பின்னதை ஆராய்ச்சியென மதிப்போர் சிலரே. எனினும் வரலாற்றில் விலையைப் பெரிதுங் குறைத்தது அதுவே எனலாம்.

இதற்குச் சான்று 1960களின் தொடக்கத்திலேயே கிடைத்தது. அமெரிக்கத் தரைப்படையின் பொறுப்பில் 'அட்வென்ற்' என்னும் பெருந்திட்டம் 1960இல் தொடங்கப்பட்டது. கிளார்க் கூறிய உயரத்திலேயே நின்று, பூமியை நோக்கி முகந்திரும்பாது, பல வகைச் செய்திகளையுங் கடத்தவல்ல பெருஞ்செய்மதியை அது கருதிற்று. அத்தகைய ஒன்றை அதுகாறும் எவருஞ் செய்ததில்லை. செய்மதியின் எடை திட்டமிட்ட அளவைக் கடந்தது. அதனைத் தூக்கவேண்டிய 'செந்தோர்' ரொக்கெற்றோ குறித்த காலத்தில் ஆயத்தமாகவில்லை. செலவு பெருகிக்கொண்டே போதலைக் கண்ட பாதுகாப்புச் செயலாளர் றொபேட் மக்னமாரா 1962 மே மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டார். பின்னர், புதிதாகத் தோன்றிய 'கொம்சாற்' கம்பனியின் பொதுமக்கட் செய்மதிகளிலேயே படைகளுக்கும் இடம்பெறலாமா என்று பேச்சு நடைபெற்றது. அது 1964இல் முறிந்தது.

அதன்பின் எழுந்ததே தொடக்கப் பாதுகாப்புச் செய்மதித் தொடர்புத் திட்டம். இதன் செய்மதி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 கிலோகிராம் எடையுள்ள சிறு பன்முகப் பெட்டி. அதன் முகங்களிற் சூரியக் கலங்கள் பதிக்கப்பட்டிருந்தன. மின்கலவடுக்கு இல்லை, ஆதலின் பூமியின் நிழலிற் புகின் அது வாளாவிருக்கும். பூமியிலிருந்து கட்டளை பெறுங் கருவியும் இல்லை. நிலைத்து நிற்கும் உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 33,900 கிலோமீற்றரில் விடப்பட்டமையால் ஒவ்வொன்றும் வானத்தில் மெல்ல மெல்ல நகர்ந்தது. ஒன்று மறையப் பிறிதொன்று எழும். ஒன்றைக் குறித்த இடத்தில் நிறுத்துதற்கு வேண்டிய பொறி முழுவதும் இவ்வாறு மிச்சமாயிற்று. 1966 யூன் 16ஆம் நாள் ஒரே 'ரைற்றன்' ரொக்கெற்றில் ஏழு செய்மதிகள் ஒழுக்கிற் சேர்ந்தன. அவ்வாண்டு ஓகத்தில் எட்டுச் செய்மதிகளோடு புறப்பட்ட ரொக்கெற்று அழிந்தது, திட்டமோ அழியவில்லை. 1968க்குள் 26 செய்மதிகள் வானில் இயங்கின. வியற்நாமிலிருந்து வேவுப் படங்கள் வாசிங்ரனுக்கு வந்துசேர்ந்தது இவற்றின் வழியே. ஒரே ஏவலில் எட்டை இழந்தும் தாங்கவல்ல திட்டம் எத்துணை உறுதியுடையது என்பது, ஒன்றை இழந்தாற் கலங்கும் திட்டங்களோடு ஒப்புநோக்கும்போதே விளங்கும்.

இதே காலத்தில் மசாசுசெற்சுத் தொழினுட்பக் கழகத்தின் லிங்கன் ஆய்வுகூடம், வான்படையின் பொருளுதவியோடு வேறொரு நெறியைக் கடைப்பிடித்தது. விற்பதற்கன்றிக் கற்பதற்காகவே அது செய்மதிகளைச் செய்தது. அதன் தொடக்க முயற்சிகளுள் ஒன்று விந்தையானது. ஏறக்குறைய 1.8 சென்ரிமீற்றர் நீளமுள்ள செப்பு ஊசிகள் 48 கோடியை 1963 மே மாதத்தில் வானிலே தூவி, அவ்வளையத்திற் பட்டுத் தெறிக்கும் அலைகளாற் செய்தி அனுப்பினர். பழுதுறுதற்கு உறுப்பின்மையால் இதனினும் மலிவான அஞ்சல் வேறில்லை. செய்தி சென்றது. ஆயினும் வானாராய்ச்சியாளர் உலகெங்கும் எதிர்ப்புக் கிளப்பினர்; கருவியுள்ள செய்மதிகள் விரைந்து வளர்ந்தமையால் ஊசிக்குத் தேவையும் இல்லாதொழிந்தது.

அவ்வாய்வுகூடத்தின் 'லெஸ்' வரிசைச் செய்மதிகளுள் முதலாவது 1965 பெப்ரவரியில் ஏவப்பட்டது. ரொக்கெற்றின் பிழையாற் பிறழ்ந்த ஒழுக்கிற் சென்று, இரண்டாண்டில் ஓய்ந்து, பின் 2012ஆம் ஆண்டளவிலே தானாகவே மீண்டும் முனகத் தொடங்கி, இங்கிலாந்திலுள்ள வானொலி ஆர்வலர் ஒருவராற் கேட்கப்பட்டமை அதன் தனிக்கதை. வரிசையில் ஏழாம் எண்ணுக்குரிய செய்மதி பணம் போதாமையாற் பறக்கவேயில்லை. எட்டாவதும் ஒன்பதாவதும் 1976 மார்ச்சில் ஒரே ரொக்கெற்றிற் சென்றன. இடையில் தரைநிலையம் எதனையும் நாடாது ஒன்றோடொன்று நேரே பேசவல்லனவாக அவை அமைந்தன. ஒன்பதாவது 2020 மே மாதத்தில், 44 ஆண்டுப் பணியின் பின்னரே ஓய்வு பெற்றது. இவ்வாய்வுகூடம் பின்னர் ஆக்கிய கருவித்தொகுதிகள் இரண்டு, 1986இலும் 1989இலும் கடற்படைச் செய்மதிகளின் மேலேறிச் சென்றன. 'மில்ஸ்ரார்' என்னும் பெருஞ்செய்மதி வரிசைக்காகச் செய்யப்பட்ட தரைக்கருவிகளை, அச்செய்மதிகள் வருதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சோதிக்க அவை உதவின. பிழையைத் தரையிலும் சிறு செலவிலும் கண்டுகொள்ளும் இத்தகைய ஆராய்ச்சியின் ஊதியத்தை எந்தக் கணக்கேட்டிலும் காணமுடியாது. நேராத இழப்புக்குக் கணக்கு எழுதுவார் இல்லையன்றோ.

ஆயினும் அவ்வறிவு மலிவாக விளையவில்லை. 1994க்கும் 2003க்கும் இடையில் ஏவப்பட்ட மில்ஸ்ரார்ச் செய்மதிகள் ஆறேயாம். அவற்றுள் ஒன்று 1999இற் பயனற்ற ஒழுக்கிற் சென்று வீணாயிற்று. அவ்வொன்றின் இழப்பு ஏறக்குறைய 80 கோடி டொலர் மதிப்புள்ளது. அவ்வரிசைக்கு அடுத்துவந்த வரிசையிலும் 2010 தொடக்கம் 2020 வரை ஆறு செய்மதிகளே ஏவப்பட்டன. ஆராய்ச்சியுஞ் சேர்த்து அதன் செலவு ஆயிரங்கோடி டொலரைக் கடந்தது. இவற்றுக்கும் மேலாக, லேசர் ஒளியால் ஒன்றோடொன்று பேசும் ஐந்து பெருஞ்செய்மதிகளைக் கொண்ட திட்டமொன்று எண்ணப்பட்டு, ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் விழுங்கிய பின், 2009 ஏப்பிரலிற் பாதுகாப்புச் செயலாளர் றொபேட் கேற்சினாற் கைவிடப்பட்டது. அட்வென்றின் கதை அரை நூற்றாண்டின் பின் மீளவும் நிகழ்ந்தது எனில் மிகையன்று.

ஆராய்ச்சி நிதி உண்மையாகவே விலையை வீழ்த்திய இடம் செய்மதியன்று, அதனுள்ளிருக்குஞ் சிறு உறுப்பே. கிண்ண வடிவான அன்ரனாவைத் திருப்புவதற்குப் பொறியும் நேரமும் வேண்டும். அதற்கு மாறாக, நூற்றுக்கணக்கான சிறு அன்ரனாக்களை ஒரு தட்டில் நிரைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் அலையின் அவத்தையைச் சிறிது சிறிது மாற்றினால், தட்டு அசையாதிருக்கவே கதிர் மாத்திரம் திரும்பும். இதுவே அவத்தை அணி அன்ரனா. ஒவ்வொரு சிறு அன்ரனாவுக்கும் தனித்தனி விரியலாக்கி வேண்டும் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு. 1980களில் அத்தகைய நுண்ணலை உறுப்புக்களைத் தொழிலாளர் நுணுக்குக்காட்டியின் கீழ்ப் பொற்கம்பி பொருத்திக் கையாலேயே செய்தனர். ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டொலர் ஆகுமாயின், நூற்றுக்கணக்கிற் கொண்ட அணிக்கு எவ்வளவு ஆகும் என்பது சொல்லவேண்டியதில்லை.

பாதுகாப்புத் துறையின் உயர் ஆராய்ச்சி நிறுவனமாகிய 'தார்ப்பா' 1987ஆம் ஆண்டளவில் இதற்கென ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கிற்று. கல்லியம் ஆசனைட்டு என்னுங் குறைகடத்தியின் ஒரே சில்லில் நுண்ணலைச் சுற்று முழுவதையும் அச்சிடுதலே அதன் நோக்கம். ஒரு நிறுவனத்துக்கு மாத்திரமன்றிப் போட்டியிட்ட பல கூட்டணிகளுக்கும் பணம் வழங்கப்பட்டது. சில்லை மாத்திரமன்றி, அதனை வடிவமைக்கும் மென்பொருள், சோதிக்குங் கருவி, பொதியும் முறை ஆகிய யாவற்றையும் வளர்க்குமாறு கேட்கப்பட்டது. இதனையே இத்திட்டத்தின் நுட்பமாகக் கொள்ளல் வேண்டும். ஏனெனில் சில்லின் விலை சில்லில் மாத்திரம் இல்லை. திட்டம் 1990களின் நடுவில் முடிந்த காலத்திற் கைத்தொலைபேசி உலகெங்கும் பரவத் தொடங்கிற்று. அத்தொலைபேசியின் குறிப்பை வானிற் செலுத்துவதற்கு வேண்டிய விரியலாக்கி இதே கல்லியம் ஆசனைட்டுச் சில்லாகவே அமைந்தது. கோடிக்கணக்கிற் செய்யப்பட்டமையால் அதன் விலை மேலும் வீழ்ந்து, அவ்வீழ்ச்சியின் பயன் படைத்துறைக்கும் மீண்டது. யாழ்ப்பாணத்துச் சந்தையிற் பேசுவாரின் கைத்தொலைபேசியிலும் அப்பழைய ஆராய்ச்சிப் பணத்தின் ஒரு துளி உண்டு.

இவ்வாறு பொதுச்சந்தை குறுக்கே வந்து உதவாத இடங்களில் ஆராய்ச்சிக்கும் கொள்வனவுக்குமிடையே ஒரு பிளவு தோன்றுகின்றது. அமெரிக்கப் பாதுகாப்பு வரவுசெலவில் அடிப்படை ஆராய்ச்சி, பயன்முறை ஆராய்ச்சி, முன்னேறிய தொழினுட்ப விருத்தி என ஆராய்ச்சிப் பணம் படிப்படியாக வகுக்கப்பட்டுள்ளது. கருவியை வாங்கும் பணம் வேறு கணக்கிலும் வேறு அதிகாரியின் கையிலும் இருக்கின்றது. ஆய்வுகூடத்தில் வெற்றிபெற்ற பொருளை வாங்குவோன் தன் கணக்கிற் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று ஆண்டு முன்னரே கேட்டிருத்தல் வேண்டும். கேளாதிருப்பின் அப்பொருள் இடைவெளியில் மடியும். அத்துறையினரே இதற்கு 'மரணப் பள்ளத்தாக்கு' எனப் பெயரிட்டுள்ளனர்.

பிறர் நட்டத்திலே மலிவு கிடைத்ததும் உண்டு. தாழ்ந்த ஒழுக்கில் 66 செய்மதிகளைக் கொண்ட 'இரிடியம்' கம்பனி ஏறக்குறைய 500 கோடி டொலர் செலவிட்டுத் தன் வலையை அமைத்து, 1999 ஓகத்தில் முறிந்தது. புதிய உரிமையாளர் அதனை 2 கோடி 50 இலட்சம் டொலருக்கு வாங்கினர். 2000 டிசம்பரிற் பாதுகாப்புத் துறை, 20,000 பேர் இரண்டாண்டு பேசுதற்கு 7 கோடி 20 இலட்சம் டொலர் ஒப்பந்தம் செய்து அவ்வலையைக் காப்பாற்றியது. சிறு செய்மதிகள் பலவற்றைத் தாழ்வாக விடும் முறை இயலக்கூடியதே என்பதும், அதன் முதற்செலவை யாரேனுந் தாங்கவேண்டும் என்பதும் ஒருங்கே தெளிவாயின.

தார்ப்பா 2018ஆம் ஆண்டளவில் மேற்கொண்ட 'பிளாக்ஜாக்' திட்டம் இப்பாடத்தின் தொடர்ச்சியே. செய்மதி, அதன் கருவி, ஏவற்செலவு யாவுஞ் சேர்த்து ஒன்றுக்கு 60 இலட்சம் டொலருக்கு மேற்படலாகாது என்று விலையை முதலிற் குறித்து, அவ்விலைக்குள் எதனைச் செய்யலாம் என்று பின்னர் ஆராய்ந்தமை அதன் சிறப்பு. இதன் துணைச் சோதனையாக 2021 யூனில் ஏவப்பட்ட சிறு செய்மதிகள் இரண்டு, 2022இல் ஏறக்குறைய 100 கிலோமீற்றர் இடைவெளியில் நாற்பது நிமிடத்துக்கு மேலாக லேசர் ஒளியாற் செய்தி பரிமாறின. அடுத்த படியை 2019இல் நிறுவப்பட்ட விண்வெளி விருத்தி முகவரகம் மேற்கொண்டது. அது 2022 பெப்ரவரியில் 126 தொடர்புச் செய்மதிகளுக்கு மூன்று கம்பனிகளிடம் ஏறக்குறைய 180 கோடி டொலருக்குக் கட்டளை கொடுத்தது. ஒன்றுக்கு ஏறக்குறைய 1 கோடி 40 இலட்சம் டொலர். பழைய பெருஞ்செய்மதிகளின் விலையோடு ஒப்பிட இது மிகச் சிறு பங்கே.

எனினும் ஒரு செய்மதியின் விலை வேறு, ஓர் ஆண்டின் செலவு வேறு. பழைய பெருஞ்செய்மதி பத்தாண்டுக்கு மேல் உழைக்கும். தாழ்ந்த ஒழுக்கிலுள்ள சிறியது ஐந்தாண்டளவில் மாற்றப்படல் வேண்டும். எண்ணிக்கையோ பன்மடங்கு. ஆதலின் மலிவான செய்மதியால் நாட்டின் செலவு குறையும் என்று கொள்வது பொருந்தாது. குறைவது, ஒன்றை இழப்பதால் வருந் துன்பமே. பகைவன் ஒன்றை வீழ்த்துவதாற் பெறும் பயனும் அவ்வளவிற் குறையும். தொழினுட்பமும் முற்றாக முதிர்ந்துவிடவில்லை. பல கம்பனிகள் செய்த செய்மதிகள் லேசராற் பிழையின்றிப் பேசுதல் இன்னும் முழுமையாக மெய்ப்பிக்கப்படவில்லை என 2025இல் அமெரிக்க அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் சுட்டிக்காட்டியது. விரைவுக்காகச் சோதனையைக் குறைத்தல், எதனை விட்டுக்கொடுக்கலாம் என்னும் வினாவுக்கு எப்பொழுதும் நல்ல விடையாகாது.

வானத்தை நோக்கியோர் பலர்; தரையிலுள்ள கருவியை நோக்கியோர் சிலர். கடற்படைக்கென 2012 முதல் 2016 வரை ஐந்து புதிய செய்மதிகள் ஏவப்பட்டன. அவற்றின் புதுமுறையைப் பயன்படுத்தவல்ல தரைக்கருவிகள் உரிய காலத்தில் வந்துசேராமையால், அவற்றின் ஆற்றலிற் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கிற் பயன்படாது கிடந்தது. பாதுகாப்புத் துறையின் அகல்பட்டைத் தரைக்கருவிகள் ஏறக்குறைய 17,000 என்றும், அவை ஏறக்குறைய 135 வகையின என்றும் 2019இற் கணக்காய்வு அலுவலகம் எடுத்துரைத்தது. சராசரி பார்த்தால் ஒரு வகைக்கு நூற்றுச் சொச்சங் கருவிகள்! அத்துணைச் சிறு தொகைக்கு ஓர் உற்பத்தி வரிசையை நடத்துவோன் விலையை எங்ஙனங் குறைப்பான்? இங்கே வேண்டப்படுவது புதிய கண்டுபிடிப்பன்று. 135ஐப் பத்தாக்குந் துணிவு. அதற்கான ஆராய்ச்சி பெரும்புகழ் தராது. அதனாலேயே அதற்குப் பணமும் அரிதாயிற்று.

பொதுச்சந்தை இத்துறையிலும் முந்திக்கொண்டது. 'ஸ்ரார்லிங்' சேவையின் தட்டைவடிவ அவத்தை அணி ஒன்றைச் செய்ய முதலில் 3,000 டொலர் ஆயிற்றென்றும், அது 1,500க்குக் கீழே வந்துவிட்டதென்றும் அதனை நடத்தும் கம்பனியின் தலைமை அதிகாரி ஒருவர் 2021இற் கூறினார். இலட்சக்கணக்கிற் செய்தமையே அவ்வீழ்ச்சிக்குக் காரணம். 2022 பெப்ரவரியில் உருசியா படையெடுத்தபின் உக்கிரேன் படைகள் இக்கருவிகளையே பெரிதும் நம்பின. படைத்துறைக் கருவியின் விலையிற் சிறு பகுதிக்குப் போர்க்களத்திலே தொடர்பு கிடைத்தது. ஆனாற் சேவையின் எல்லையை வகுக்கும் உரிமை ஒரு கம்பனியின் கையில் இருந்தது. கிரிமியாக் கரையோரத்துக்கு அதனை விரிக்குமாறு 2022இல் உக்கிரேன் கேட்க, தாம் மறுத்ததாகக் கம்பனியின் தலைவரே 2023 செத்தெம்பரில் உறுதிசெய்தார். அதற்கு முன்னரே, அவ்வாண்டு யூனில், உக்கிரேனுக்கான சேவையை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தானே ஒப்பந்தம் செய்து பெறத் தொடங்கியிருந்தது. அவ்வொப்பந்தத்தின் தொகையையும் நிபந்தனைகளையும் அத்துறை அப்பொழுது வெளியிடவில்லை.